அன்று நான் போடாத எச்சரிக்கை

மழை பார்க்கிறவன் நல்ல மனசுக்காரனாக இருப்பான் என்று பலர் நினைக்கிறார்கள். என்னைப் பற்றியும் அப்படித்தான் நினைத்தார்கள். அலுவலகத்தில் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்து வைத்துக்கொண்டே போனில் மேகத்தைத் தேடுகிற ஆள், மொட்டைமாடியில் மழைமானி வைத்திருக்கிற ஆள், ஊர் நன்றாக இருக்க வேண்டுமென்றுதான் இவ்வளவும் செய்கிறார் என்றார்கள். நான் மறுக்கவில்லை. பாராட்டை மறுக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது.

உண்மை வேறு. எனக்கு ஐப்பசி அடைமழை பிடிக்காது. வரும், நிற்கும், மறுபடி தூறும், அதில் பார்க்க என்ன இருக்கிறது? எனக்குப் பிடித்தது பங்குனியிலும் சித்திரையிலும் வருகிற இடிமழை. மதியத்துக்கு மேல் கோட்டைப்பட்டினம் பக்கமிருந்து கடற்காற்று உள்ளே ஏறி வரும். மேற்கேயிருந்து காய்ந்த காற்று இறங்கும். இரண்டும் முட்டிக்கொள்கிற இடத்தில் ஒரே மணி நேரத்தில் மேகம் கொதித்து எழும். காலையில் துவைத்துப் போட்ட வேட்டி மாதிரி இருந்த வானம், நாலு மணிக்குத் தகரக் கூரையைப் பிடுங்கிக்கொண்டு போகும். அது எங்கே, எத்தனை மணிக்கு என்று சொல்வதுதான் விளையாட்டு. எங்கள் ஊர் புதுக்கோட்டைக்கும் விராலிமலைக்கும் நடுவில் இருக்கிறது. இடிமேகங்கள் பெரும்பாலும் விராலிமலைப் பக்கமிருந்துதான் எங்களிடம் வரும்.

யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. முதலில் தண்ணீர் பாட்டிலைப் பாதியாக அறுத்து மாடியில் வைத்தேன். பிறகு அளவுகோடு போட்ட நல்ல மழைமானி ஒன்றை வரவழைத்தேன். ரேடார் படத்தைப் போனில் பார்க்கப் பழகினேன். பச்சை என்றால் தூறல், மஞ்சள் என்றால் மழை, சிவப்பு என்றால் ஓடு. அந்தப் படம் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை மாறும். அந்தப் பத்து நிமிஷம் எனக்குப் பத்து மணி நேரம். சாமி கும்பிடும்போதுகூட இவ்வளவு பொறுமையாக நான் காத்திருந்ததில்லை.

பிறகு ஊர்க்காரர்களைச் சேர்த்து வாட்ஸ்அப்பில் ஒரு மழைக்குழு தொடங்கினேன். அதில் எழுதிப் போட மாட்டேன், பேசித்தான் போடுவேன். பாதிப் பேர் வயலில் நிற்பார்கள், எழுத்தைப் பார்க்கக் கண்ணாடி இருக்காது. "இடி வருது, மரத்தடியில நிக்காதீங்க, ஆடு மாட்ட அவுத்துக் கொண்டு வந்துருங்க" என்று என் குரல் ஒரே நேரத்தில் நாற்பது வயல்களில் கேட்கும். அதை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிமிரும்.

முதல் வெற்றியை மறக்க முடியாது. ஒரு சித்திரை மாதம் மாலை ஐந்தரைக்குக் காற்று அடிக்கும் என்று சொன்னேன். ஐந்து இருபதுக்கு அடித்தது. பக்கத்து வீட்டு மாட்டுக்கொட்டகைச் சுவர் விழுந்து இரண்டு ஆடுகள் செத்தன. அந்த வீட்டுப் பெண் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். நான் ஓடிப்போய் நின்று முதலில் பார்த்தது ஆடுகளை இல்லை, கைக்கடிகாரத்தை. பத்து நிமிஷம் முன்னதாகவே வந்துவிட்டதே என்று ஒரு சின்னக் குறை. மற்றபடி மனசு நிறைந்திருந்தது.

மறுநாள் டீக்கடை பெஞ்சில் எனக்கு இடம் விட்டார்கள். கல்யாணத்துக்குத் தேதி பார்க்கிறவர்கள் பஞ்சாங்கத்தைப் பார்த்துவிட்டு என்னையும் ஒரு வார்த்தை கேட்டார்கள். பந்தல்காரர் போன் செய்தார். தலைக்கனம் ஏறியது என்று சொன்னால் அது குறைவு. சொல்லாமல் ஒரு மழை பெய்துவிட்டால் எனக்குக் கோபம் வரும். ஊரே வாசலில் நின்று கையை நீட்டிச் சிரித்துக்கொண்டிருக்கும், நான் மட்டும் உள்ளே போய்ப் படுத்துக்கொள்வேன். மழை பெய்வது எனக்குச் சந்தோஷம் இல்லை. நான் சொன்ன மழை பெய்தால்தான் சந்தோஷம்.

அதனால் ஒன்றையும் விட்டுவிடக் கூடாது என்று எல்லாவற்றுக்கும் எச்சரிக்கை போட ஆரம்பித்தேன். மஞ்சள் தெரிந்தால் சிவப்பு என்றேன். மேகம் முப்பது மைல் தள்ளிப் போனாலும் வருகிறது என்றேன். பத்துக்கு ஆறு வராது. ஆனால் வந்த ஒன்றைக்கூட நான் சொல்லாமல் விட்டதில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் அப்போது வைத்துக்கொள்ளவில்லை.

இனி என் அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். கூடப் பிறந்தவர் இல்லை, பெரியப்பா மகன். என்னைவிட ஏழு வயது மூத்தவர். எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவில் ஒரு சந்துதான். கிணற்றுப் பாசனத்தில் வாழை போட்டிருந்தார். போன வருஷ ஐப்பசியும் ஏமாற்றி, கிணறு பாதிக்குக் கீழே இறங்கி, மோட்டாரை அரை மணி ஓட்டுவதும் ஒரு மணி நிறுத்துவதுமாக அந்த வாழையை அவர் பிள்ளை வளர்ப்பது மாதிரி வளர்த்திருந்தார். தார் தள்ளி நின்றது. சித்திரைத் திருவிழாக்களுக்குப் போக வேண்டிய தார். இன்னும் மூன்று வாரம் போனால் முற்றிவிடும்.

இந்த வருஷம் பங்குனிக் கடைசியில் ஒரு மதியம் விராலிமலைக்கு மேற்கே ஒரு மேகம் எழுந்தது. படத்தில் ரத்தக் கட்டி மாதிரி இருந்தது. நான் அலுவலகத்திலிருந்தே குரல் கொடுத்தேன். "சூறக்காத்து உறுதிங்க. வாழ வச்சிருக்கவுக பாத்துக்கங்க. ஒரு மரம் நிக்காது." அண்ணன் உடனே கூப்பிட்டார்.

"தம்பி, உறுதியாவா சொல்ற?"

"உறுதிண்ணே. நா சொல்லி வராம இருந்திருக்கா?"

வராமல் எத்தனையோ இருந்திருக்கிறது. அவர் அதைச் சொல்லவில்லை. ஆள் வைத்து, அவரும் அண்ணியும் சேர்ந்து, பொழுது சாய்வதற்குள் பிஞ்சுத் தாரெல்லாம் வெட்டிச் சாய்த்துவிட்டார்கள். காற்றில் மரத்தோடு போவதற்குப் பதில் தாராவது மிஞ்சட்டும் என்று. மேகம் விராலிமலையிலேயே கரைந்துபோனது. எங்கள் ஊரில் ஓர் இலை அசையவில்லை. வெட்டிப்போட்ட தாரை வியாபாரி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு வாரம் ஊர் மாடுகள் தின்றன.

நான் என்ன செய்தேன் தெரியுமா? போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். தப்பாகிப் போச்சு அண்ணே என்று சொல்லியிருக்கலாம். நான் அந்தக் குரல்பதிவை மறுபடி போட்டுக் கேட்டேன். 'உறுதி' என்று தெளிவாக இருந்தது. குழுவில் எல்லோருக்குமாக அதை அழித்தேன். மறுநாள் டீக்கடையில், "நா வாய்ப்பிருக்குன்னுதானே சொன்னேன்" என்றேன். அண்ணன் அங்கேதான் உட்கார்ந்திருந்தார். டீயை ஆற்றிக்கொண்டே சிரித்தார்.

"எந்தம்பி ரேடார்ல பாத்தா சீமையில அடுப்பு எரியிறதுகூடத் தெரியும். நம்மூரு மழதான் தெரியாது."

கடையே சிரித்தது. அதற்குப் பிறகு என் பெயர் ரேடார். பஸ்ஸில் ஏறினால், "ரேடாருக்கு இடம் விடுங்கப்பா" என்பார்கள். பந்தல்காரர் போன் செய்வதை நிறுத்தினார். ஒரு மனிதனின் ஒரு வருஷ உழைப்பை மாட்டுக்குப் போட்டது நான். ஆனால் எனக்கு அவர்மேல்தான் ஆத்திரம். நாலு பேர் முன்னால் சிரித்தாரே.

சித்திரையும் காய்ந்தது. கோடை உழவு இல்லை, எள் விதைக்கவில்லை, கண்மாய் வெடித்துக் கிடந்தது. நான் போட்ட எச்சரிக்கைகளுக்கெல்லாம் கீழே சிரிக்கிற முகங்களை வரிசையாகப் போட்டார்கள். கடைசியில் ஊர் கூடிக் கொடும்பாவி இழுப்பது என்று முடிவு செய்தார்கள்.

எங்கள் பக்கத்தில் மழை அடியோடு ஏமாற்றினால் செய்கிற சடங்கு இது. யாரோ ஒரு பாவி ஊருக்குள் இருப்பதால்தான் மழை வரவில்லை என்று கணக்கு. அந்தப் பாவிக்கு வைக்கோலால் ஒரு உடம்பு செய்து, கயிறு கட்டித் தெருத் தெருவாக இழுத்துப் போவார்கள். பெண்கள் பிணத்துக்கு அழுவது போல மாரடித்து ஒப்பாரி வைத்துக்கொண்டே பின்னால் போவார்கள். கண்மாய்க்கரையில் கொண்டுபோய்க் கொளுத்துவார்கள். யார் அந்தப் பாவி என்று எப்போதும் சொல்வதில்லை. அதுதான் அந்தச் சடங்கின் மரியாதை. ஒவ்வொருவனும் தன் மனசுக்குள் தேடிக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவார்கள்.

இந்த முறை அந்த மரியாதையை விட்டுவிட்டார்கள். அன்று ஞாயிற்றுக்கிழமை. மதியம் மூன்று மணிக்குக் குழுவில் ஒரு வீடியோ வந்தது. வைக்கோல் உடம்புக்கு ஊதாக் கட்டம் போட்ட முழுக்கைச் சட்டை. என் சட்டை. ஆறு வருஷம் அலுவலகத்துக்குப் போட்டுப் போன சட்டை. பொம்மையின் கையில் ஒரு அட்டைப்பெட்டியைச் சதுரமாக வெட்டிச் செல்போன் மாதிரி கட்டிக்கொண்டிருந்தார் அண்ணன். கட்டி முடித்ததும் அந்த வைக்கோல் கையைத் தூக்கி அதன் முகத்துக்கு நேரே வைத்து, வானத்தைப் பார்ப்பது மாதிரி கழுத்தைத் திருப்பினார். அச்சு நான்தான். எனக்கே தெரிந்தது.

என் மனைவி ஒப்பாரிக்குப் போகப் புடவை மாற்றிக்கொண்டிருந்தாள்.

"சட்ட எப்படி அங்க போச்சு?"

"நாந்தான் குடுத்தேன். காலர் கிழிஞ்சதுதானேங்க. தொடைக்கத்தானே வச்சிருந்தோம்."

"எதுக்குன்னு தெரிஞ்சா குடுத்த?"

அவள் கண்ணாடியைப் பார்த்துப் பொட்டு வைத்தாள். உதட்டில் சிரிப்பு இருந்தது. "ஊரே சேந்து வெளாட்டுக்குச் செய்யிது. நீங்களும் வந்து ஒரு பக்கம் கயித்தப் பிடிங்க. எல்லாரும் சிரிச்சுட்டு விட்ருவாங்க."

இன்று நினைத்தால் அவள் சொன்னது சரி. கயிற்றைப் பிடித்திருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். நான் போகவில்லை. மொட்டைமாடியில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். கீழே தெருவில் என்னை இழுத்துக்கொண்டு போனார்கள். பெண்கள் அப்போதே கட்டிய பாட்டு மாடிவரை கேட்டது.

"போனுக்குள்ள மழய வச்ச புண்ணியவானே,
எங்க பொழப்பெல்லாம் காயவிட்டுப் போனியே..."

ஒருத்தி அழுதாள், பத்துப் பேர் சிரித்தார்கள். சிரித்தவர்களில் என் மனைவியின் குரல் தனியாகத் தெரிந்தது. முப்பது வருஷக் குரல், தெரியாமல் இருக்குமா?

மூன்றே முக்காலுக்குப் போனைத் திறந்தேன். பழக்கம்தான். விராலிமலைமேல் ஒரு மஞ்சள் பொட்டு இருந்தது. அடுத்த படத்தில் அது சிவந்தது. அதற்கடுத்த படத்தில் நடுவில் கறுத்து, எங்கள் பக்கம் நகர்ந்திருந்தது. அண்ணாந்து பார்த்தேன். வடமேற்கில் ஒரு மேகம் கோபுரம் கட்டிக்கொண்டு நின்றது. அடியில் நீலக் கறுப்பு. மூன்று வருஷத்தில் இவ்வளவு சுத்தமான இடிமேகத்தை நான் பார்த்ததில்லை. கரைகிற மேகம் எது, கரையாத மேகம் எது என்று எனக்கு அதற்குள் தெரியும். இது கரையாது.

குழுவைத் திறந்து மைக்கை அழுத்தினேன். "எல்லாரும்..." என்று தொடங்கினேன். கண்மாய்ப் பக்கமிருந்து குலவைச் சத்தம் கேட்டது. கைவிரலை எடுத்தேன். பதிவை அழித்தேன்.

நனையட்டும் என்று நினைத்தேன். பிறகு பலமுறை இதையே எனக்கு நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன், நனையட்டும் என்றுதான் நினைத்தேன் என்று. என் சட்டைக்கு வைத்த தீயை என் மழையே வந்து அணைக்கட்டும், புடவையும் வேட்டியும் சேற்றில் புரள வீட்டுக்கு ஓடி வரட்டும், வந்து ஏன் சொல்லவில்லை என்று கேட்கட்டும், கொடும்பாவிக்கு ஏது வாய் என்று நான் கேட்க வேண்டும். அந்தப் பதிலைக்கூட மனசுக்குள் இரண்டு மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தேன்.

ஆனால் மின்னலுக்கும் இடிக்கும் நடுவில் எண்ணிக்கொண்டும் இருந்தேன். மூன்று எண்ணினால் ஒரு கிலோமீட்டர். முதலில் முப்பது. அப்புறம் இருபத்திரண்டு. அப்புறம் பதினாறு. முப்பதுக்குக் கீழே வந்தால் வெட்டவெளியில் நிற்கக் கூடாது, மரத்தடிக்குப் போகவே கூடாது என்று இதே குழுவில் நூறு தடவை சொன்னவன் நான். கண்மாய்க்கரையில் ஒரே ஒரு புளியமரமும் அதற்கு எதிரே ஒரு மோட்டார் ரூமும்தான் உண்டு என்பதும் எனக்குத் தெரியும். என் மனைவி அங்கே இருக்கிறாள் என்பதும் தெரியும். எல்லாம் தெரிந்துதான் எண்ணினேன்.

நாலு பன்னிரண்டுக்குப் போன் ஒரு முறை அதிர்ந்தது. அண்ணன் தனியாக எனக்கு ஒரு குரல்பதிவு அனுப்பியிருந்தார். பதினான்கு வினாடி. கொளுத்துகிறபோது எழுகிற கூச்சலைப் பதிவு செய்து அனுப்பியிருக்கிறார், நான் கேட்டு வயிறெரிய வேண்டுமென்று. அப்படித்தான் நினைத்தேன். திறக்கவில்லை. போனைக் கவிழ்த்து வைத்தேன்.

காற்று முதலில் வந்தது, பிறகு மண் வாசம், பிறகு சாய்வாக மழை. ஒரு வெளிச்சம் வந்தது, எண்ண ஆரம்பிப்பதற்கு முன்பே சத்தமும் வந்துவிட்டது. பற்களில் அது தெரிந்தது. நாற்காலியை விட்டுவிட்டு எழுந்து கீழே ஓடினேன். பயந்து ஓடினேன் என்பது உண்மை. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே நின்று சிரித்தேன் என்பதும் உண்மை.

முக்கால் மணி நேரம் கொட்டியது. விட்டதும் மேலே ஏறிப் போய் மழைமானியைப் பார்த்தேன். நாற்பத்தொரு மில்லிமீட்டர். இரண்டு முறை படித்தேன். அன்று நான் குழுவில் போட்ட முதல் செய்தி அதுதான். 'இன்று நமது ஊரில் நாற்பத்தொரு மில்லிமீட்டர்.' பேசக்கூட இல்லை, எழுதியே போட்டேன். சிரிக்கிற முகம் ஒன்றும் வரவில்லை. யாரும் எதுவும் போடவில்லை. வாயடைத்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போது என் மனைவி தெருவில் வந்துகொண்டிருந்தாள். புடவை உடம்போடு ஒட்டியிருந்தது. ஒரு கையால் இடது காதைப் பொத்தியிருந்தாள். வாசலில் நின்று என்னைப் பார்த்தாள்.

"பெரியத்தான் போய்ட்டாருங்க" என்றாள்.

அவள் அண்ணனைப் பெரியத்தான் என்றுதான் கூப்பிடுவாள். எனக்கு உடனே விளங்கவில்லை. எங்கே போனார் என்று கேட்டேன். அவள் படியில் உட்கார்ந்துவிட்டாள். காது கேட்காததால் சத்தமாகப் பேசினாள், தெருவுக்கே கேட்டது.

"மேகம் கருக்கயிலேயே நாங்க கெளம்பிரலாம்னுதான் சொன்னோம். அவருதான் போன எடுத்துப் பாத்தாரு. தம்பி ஒண்ணும் போடலயே, அப்ப இது சும்மா தூத்தல்தான், கொளுத்திட்டே போவோம்னாரு. ரேடாரையா நம்புறீகன்னு ஒருத்தர் கேட்டாரு. அதுக்கு அவரு சொன்னாரு, வராததுக்கே வருது வருதுன்னு கத்துறவன், வர்றதுக்குச் சொல்லாம இருப்பானான்னு. எல்லாருக்கும் அது சரின்னு பட்டுச்சு. எனக்கும் பட்டுச்சுங்க."

மழை இறங்கியதும் பெண்கள் மோட்டார் ரூமுக்குள் நெருக்கிக்கொண்டார்கள். ஆண்களுக்கு இடம் இல்லை. புளியமரத்தடியில் ஆறு பேர் நின்றார்கள். அடிமரத்தில் சாய்ந்து நின்றவர் அண்ணன். மற்ற ஐந்து பேரை இடி தூக்கி எறிந்திருக்கிறது, எழுந்துவிட்டார்கள். என் சட்டை பாதிகூட எரியவில்லையாம்.

மறுநாள் புதுக்கோட்டை ஆஸ்பத்திரியிலிருந்து உடம்பைக் கொண்டுவந்தார்கள். பங்காளி என்பதால் குளிப்பாட்டுகிற தண்ணீர் எடுத்துவர நான்தான் முன்னால் போக வேண்டும். சங்கு ஊத, குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு போனேன். வழியெல்லாம் தண்ணீர் தேங்கியிருந்தது. தவளை கத்தியது. யாரோ அதற்குள் ஏரைக் கட்டியிருந்தார்கள். ஈரம் காய்வதற்குள் உழ வேண்டுமே, சாவுக்காக நிற்குமா? நானும் அந்த மண்ணைப் பார்த்து எத்தனை விரற்கடை ஆழம் நனைந்திருக்கும் என்று யோசித்தேன். யோசித்துவிட்டுத்தான் என் தோளில் இருப்பது என்ன குடம் என்று நினைவு வந்தது.

ஊர் என்னைக் குற்றம் சொல்லவில்லை. அதுதான் எனக்கு விதிக்கப்பட்ட தண்டனை என்று பெரிதாக எழுத ஆசைதான், ஆனால் அன்று எனக்கு அது நிம்மதியாகத்தான் இருந்தது. "இவருக்கே தெரியல பாத்தீங்களா? ரேடார்லயே விழாத இடி. உசுரு கேட்டு வந்த மழ" என்று பந்தலில் பேசிக்கொண்டார்கள். ஒருவர் என்னிடமே கேட்டார், படத்தில் எதுவும் காட்டவில்லையா என்று.

"காட்டலங்க" என்றேன். குரல் கொஞ்சமும் தடுமாறவில்லை.

காரியம் முடிந்த மறுநாள் அண்ணி கூப்பிட்டு அனுப்பினார். அண்ணனின் போனை அவர் மடியில் வைத்திருந்தார். மழை பெய்கிறதே என்று பிளாஸ்டிக் உறையில் சுற்றிச் சட்டைப்பையில் வைத்திருந்திருக்கிறார் அண்ணன், போனுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர் கடைசியாக அனுப்பிய பதிவை அண்ணி எனக்கு முன்னால் போட்டார். பின்னால் ஒப்பாரியும் சிரிப்பும் கேட்டன. தூரத்தில் ஓர் இடி. பிறகு வாயைப் போனுக்குப் பக்கத்தில் வைத்து, மற்றவர்களுக்குக் கேட்டுவிடக் கூடாது என்பது போல, தாழ்ந்த குரலில்:

"தம்பி, கோவிச்சுக்காதடா. சும்மா வெளாட்டுக்குத்தான். மேகம் கருக்குது, நிக்கலாமா போயிரலாமா? நீ சொன்னா எல்லாரையும் கூட்டிட்டு வந்துர்றேன்."

அவ்வளவுதான். பதினான்கு வினாடி.

"ஒனக்குத்தானே தம்பி போட்டிருக்காரு. நீ கேக்கலயா?"

"தூங்கிட்டேன் அண்ணி."

அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டார். "நல்லவேள. கேட்டுட்டுச் சொல்லாம விட்ருந்தா ஒம் மனசு என்ன பாடு பட்டுருக்கும்" என்றார். ஆறுதல் சொல்ல வேண்டியவன் நான். ஆறுதல் சொன்னது அவர்.

வீட்டுக்கு வந்தேன். என் மனைவி சோறு போட்டாள். அவளுக்கு அந்த இடது காது இன்றுவரை சரியாகக் கேட்பதில்லை. குழம்பை ஊற்றிக்கொண்டே, "தூங்கிட்டதாச் சொன்னீங்களாமே" என்றாள்.

"ஆமா."

"மாடியில நாக்காலி நனஞ்சு கெடந்துச்சு" என்றாள்.

நான் சாப்பிட்டேன். என் பழைய சட்டைகளை அவள் இப்போது யாருக்கும் கொடுப்பதில்லை, துடைக்கவும் எடுப்பதில்லை. மடித்து மடித்துப் பரணில் அடுக்குகிறாள்.

மழைக்குழுவை நான் கலைக்கவில்லை. கலைக்க விடவும் மாட்டார்கள். இப்போது ஒரு சிரிக்கிற முகம்கூட வருவதில்லை. நான் ஓடு என்றால் ஊரே ஓடுகிறது. ஆனால் ஒன்று மட்டும் மாறிவிட்டது. நான் சும்மா இருக்க முடியாது. நான் சும்மா இருந்தால் அதையும் ஒரு செய்தியாக எடுத்துக்கொள்வார்கள் என்று எனக்கு இப்போது தெரியும். அதனால் வெயில் மண்டையைப் பிளக்கிற நாளிலும், வானத்தில் ஒரு பஞ்சுகூட இல்லாத நாளிலும், சரியாக மூன்று மணிக்குக் குரல் கொடுக்கிறேன். "இன்னிக்கு ஒண்ணும் இல்லீங்க."

போட்டதும் முதல் பதில் எப்போதும் ஒரே எண்ணிலிருந்துதான் வருகிறது. அந்தப் போனை அண்ணிதான் இப்போது வைத்திருக்கிறார். என் போனில் அந்த எண் இன்னும் அண்ணன் என்றுதான் இருக்கிறது, வாழைத்தாரோடு அவர் சிரித்துக்கொண்டு நிற்கிற படத்தோடு. அதைத் தொட்டுத் திறந்தால் அவருடைய கடைசிப் பதிவு நான் கேட்காததாகவே நிற்கும். என் போனில் அதைக் கேட்டால் அந்தப் போனில் பதிவின் மைக் குறி நீலமாகிவிடும், அண்ணி பார்த்துவிடுவார். அதனால் இன்றுவரை தொட்டதில்லை.

இன்றைக்கும் மூன்று மணிக்குப் போட்டேன். மூன்று ஒன்றுக்குப் பதில் வந்தது.

அண்ணன்: 'சரி தம்பி.'